பிளாட்பாரத்து மூட்டைகள்: அள்ளுவதா, பூட்டி வைப்பதா, மனுவில் என்ன எழுதுவது?

புதுச்சேரி ரயில் நிலையத்தைச் சுற்றிக் கடையோ வீடோ வைத்திருக்கும் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: பிளாட்பாரத்தில், அதாவது தெருவோர நடைபாதையில், படுப்பவர்களின் மூட்டைகள். நகராட்சிக்கு மனு கொடுத்து மொத்தமாக அள்ளச் சொல்லலாம் என்று ஒரு கட்சி. பாவம், அவங்க எங்கே போவாங்க என்று இன்னொரு கட்சி. மனுவில் என்ன எழுதுவது என்று கேட்டால் இரண்டு கட்சியும் மௌனம். அள்ளு என்று எழுதினால் அள்ளியதை என்ன செய்வது என்பதற்குப் பதில் இல்லை, அள்ளாதே என்று எழுதினால் வாய்க்கால் அடைப்பும் எலியும் நாற்றமும் அப்படியே இருக்கும். அதனால் மற்ற ஊர்களில் என்னென்ன வழி வைத்திருக்கிறார்கள், அதில் எது நம் தெருவுக்கு ஒத்துவரும் என்று பார்த்ததை இங்கே எழுதுகிறேன். கடலூர்க்காரர்களும் படிக்கலாம், திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையப் பக்கம் நிலைமை ஒன்றும் பெரிதாக வேறு இல்லை.

முதலில் ஒரு வித்தியாசம். அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை என்றால் கூடாரம்தான். நடைபாதையில் வரிசையாகக் கூடாரம், அதற்குள்ளேயே ஆள், அதற்குள்ளேயே பொருள். இங்கே கூடாரம் அபூர்வம். சுப்பையா சாலையிலோ பேருந்து நிலையத்தை ஒட்டியோ படுப்பவர்கள் விடிந்ததும் பாயைச் சுருட்டி, சாக்கிலோ கட்டப்பையிலோ திணித்து, டிரான்ஸ்பார்மர் பின்னாலோ மரத்தடியிலோ மூடிய கடையின் படியோரத்திலோ வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறவர், காலி பாட்டில் பொறுக்குகிறவர் என்று பல வேலை. மருத்துவமனைப் பக்கம் போனால் இன்னொரு வகை உண்டு: விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்து நோயாளியோடு வந்து வாரக்கணக்கில் வெளியே படுத்திருக்கும் சொந்தக்காரர்கள். இவர்களுக்கு ஊரில் வீடு இருக்கிறது, ஆனால் பையை அள்ளுகிறவருக்கு அது எப்படித் தெரியும்? ஆக நம் ஊரில் சண்டையே ஆள் இல்லாத நேரத்தில் கிடக்கும் பொருளைப் பற்றித்தான். அது குப்பையா, ஒருவருடைய உடைமையா என்பதை அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் முடிவு செய்கிறவர் துப்புரவுப் பணியாளர். அவருக்கோ மேஸ்திரி சொன்ன தெருவை மத்தியானத்துக்குள் முடித்தாக வேண்டும்.

சரி, முதல் வழி: வண்டியைக் கொண்டுவந்து அள்ளிப் போடுவது. செலவு குறைவு, உடனே பலன் தெரியும், கடைக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இதைச் செய்து பார்த்த ஊர்களுக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலீஸில் ஸ்கிட் ரோ என்ற பகுதியில் 2011-ல் மாநகர ஊழியர்கள், பொருளுக்குச் சொந்தக்காரர்கள் குளிக்கவும் சாப்பிடவும் கழிப்பறைக்கும் போயிருந்த நேரத்தில் அவர்களுடைய தள்ளுவண்டிகளையும் பைகளையும் எடுத்து அங்கேயே நசுக்கி அழித்தார்கள். ஒருவர் போயிருந்தது கோர்ட்டுக்கு, அதுதான் வேடிக்கை. உள்ளே இருந்தவை அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, போன், கம்பளி, குடும்பப் படங்கள். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. லாவன் வழக்கு என்று பெயர், தீர்ப்பு 2012-ல். மாநகராட்சியின் வாதம் நம் தெருவில் கேட்கிற அதே வாதம்தான்: நடைபாதையில் வைப்பதே விதிமீறல், அப்புறம் அந்தப் பொருளுக்கு என்ன பாதுகாப்பு? நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. விதியை மீறி வைத்திருந்தாலும் அது அவருடைய பொருள், போட்டுவிட்டுப் போன பொருள் இல்லை, எடுத்து உடனே அழிக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது என்று சொல்லிவிட்டது. கலிபோர்னியாவிலேயே ஃபிரெஸ்னோ என்ற ஊர் இதே மாதிரி புல்டோசர் ஓட்டியதற்கு 2008-ல் 23.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. லண்டனில் கேம்டன் பகுதியில் 2023 நவம்பரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு வெளியே இருந்தவர்களின் கூடாரங்களைக் குப்பை லாரியில் போட்டு அரைத்த காட்சி வெளியே வந்து, கவுன்சில் மன்னிப்புக் கேட்டது.

நம் ஊரில் இப்படி வழக்குப் போட்டுப் பணம் வாங்குகிறவர்கள் கிடையாது, அதனால் நமக்கென்ன என்று ஒருவர் கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். எனக்கு இதில் கோர்ட்டை விடப் பெரிதாகத் தெரிவது ஆதார் கார்டு. மூட்டையோடு ஆதார், ரேஷன் கார்டு, மருத்துவமனைச் சீட்டு எல்லாம் குப்பைக் கிடங்குக்குப் போய்விட்டால் அந்த ஆளுக்குத் திரும்ப எடுக்க முகவரி வேண்டும், போன் நம்பர் வேண்டும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். முதியோர் பென்ஷன் வாங்குகிறவர் என்றால் அதிலும் சிக்கல். சர்க்கரை மாத்திரையோ காசநோய் மாத்திரையோ போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்புறம் அவர் அதே பிளாட்பாரத்துக்கு இன்னும் மோசமான நிலையில் திரும்பி வருவார். அள்ளியதால் தெரு சுத்தமாக இருந்தது எத்தனை நாள் என்று கடைக்காரர்களையே கேளுங்கள். இன்னொன்று, பாட்டில் பொறுக்குகிறவரின் சாக்கு பார்க்க அப்பட்டமாகக் குப்பை மாதிரிதான் இருக்கும், ஆனால் நம் ஊரில் விழுகிற குவார்ட்டர் பாட்டில்களின் கணக்குக்கு அது அவருடைய இரண்டு மூன்று நாள் வருமானம்.

இரண்டாவது வழி, முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டி, எடுத்த பொருளைக் கிடங்கில் சில நாள் வைத்திருப்பது. அமெரிக்காவில் கோர்ட்டுக்குப் பயந்தோ சமரசத்தாலோ பல ஊர்கள் வந்து சேர்ந்த இடம் இது. ஓரிகன் மாநிலச் சட்டப்படி 72 மணி நேரத்துக்கு முன் நோட்டீஸ் ஒட்ட வேண்டும், எடுத்த பொருளைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும். முன்பு 24 மணி நேரமாக இருந்ததை 2021-ல்தான் 72 ஆக்கினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 2016-ல் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த விதி 24 மணி நேர நோட்டீஸும் 90 நாள் சேமிப்பும் கேட்கிறது. டென்வரில் 2019 சமரசப்படி பெரிய அளவில் அப்புறப்படுத்துவதற்கு ஏழு நாள் முன்னறிவிப்பு. கலிபோர்னியா ஆளுநர் 2024 ஜூலையில் மாநில நிலங்களுக்குப் போட்ட உத்தரவில் 48 மணி நேரம், 60 நாள். அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்னால், ஜூன் 28-ம் தேதி, கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பொது இடத்தில் படுப்பதைத் தடை செய்து தண்டிக்கலாம் என்று 6-க்கு 3 என்று தீர்ப்பு சொன்னது. இதை எடுத்துக் காட்டி, பாருங்கள் அமெரிக்காவிலேயே அள்ளச் சொல்லிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்தத் தீர்ப்பு ஆளைத் தண்டிப்பதைப் பற்றியது. பையை அழிப்பதைப் பற்றி லாவன் வழக்கு சொன்னதை அது தொடவே இல்லை.

இந்த எண்களை வரிசையாக வைத்தால் 90 நாள்தான் சிறந்தது என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 90 நாள் வைத்திருக்கும் கிடங்கு ஊருக்கு வெளியே இருந்து, காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை மட்டும் திறந்து, அடையாள அட்டை காட்டினால்தான் தருவோம் என்றால் (அட்டையே அந்தப் பைக்குள்தான் இருக்கிறது) யார் போய் எடுப்பார்கள்? கூலி வேலைக்காரருக்கு அந்த நேரம் வேலை நேரம். நம் ஊரில் எடுத்த பொருளைக் குரும்பாபேட் குப்பைக் கிடங்குப் பக்கம் ஒரு ஷெட்டில் போட்டு வைத்தால் 90 நாள் என்ன, ஒரு வருடம் வைத்திருந்தாலும் ஒன்றுதான். அதே பொருள் நடந்து போகும் தூரத்தில், இரவு எட்டு மணி வரை ஆள் இருக்கும் இடத்தில், ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினால் கிடைக்கும் என்றால் பதினைந்து நாளே தாராளம். அதனால் மனுவில் நாள் கணக்கைப் பெரிதாக எழுதிப் பெருமைப்பட்டுக்கொள்வதை விட இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள்.

நோட்டீஸிலும் இதே கதை. சுவரில் ஒட்டினால் படிப்பது யார்? நகராட்சி வரி கட்டச் சொல்லி ஆட்டோவில் மைக் கட்டிப் போகிறதே, அதே ஆட்டோ இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு சுற்று வந்து தமிழிலும் இந்தியிலும் சொன்னால் போதும். பகலில் சொன்னால் ஒருவர் காதிலும் விழாது.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடுத்து வைப்பதற்குப் பதில், அவர்களே கொண்டுவந்து வைக்க ஓர் இடம் கொடுப்பது. லாஸ் ஏஞ்சலீஸில் ஸ்கிட் ரோவிலேயே இப்படி ஒன்று இருக்கிறது, பெயர் தி பின். சக்கரம் வைத்த பெரிய குப்பைத்தொட்டி இருக்கிறதல்லவா, 60 கேலன், அதாவது சுமார் 227 லிட்டர், அதையே சுத்தமாக ஆளுக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள். பொருளை அதில் போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம், அவ்வப்போது வந்து புதுப்பித்துக்கொள்ள வேண்டும். சான் டியேகோவிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. லிஸ்பனில் ஒரு தொண்டு நிறுவனம் தெருவோரமே இரும்பு லாக்கர்களை நிறுத்தி ஆளுக்கு ஒரு சாவி கொடுத்தது. இதில் நல்லது என்னவென்றால் பிளாட்பாரம் பகலில் காலியாகிறது, கடைக்காரர் கேட்பதும் அதைத்தானே. கெட்டது என்னவென்றால் யாராவது பொறுப்பேற்று நடத்த வேண்டும், மழை நனையாத இடம் வேண்டும், அழுகும் சாப்பாடும் தீப்பெட்டியும் உள்ளே போகாமல் பார்க்க வேண்டும்.

ரயில்வே கிளாக் ரூமையே பயன்படுத்தலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அங்கே டிக்கெட் கேட்பார்கள், பையில் பூட்டு இருக்க வேண்டும் என்பார்கள். சாக்கு மூட்டைக்கு எங்கே பூட்டுப் போடுவது?

நான்காவது, எல்லோரையும் தங்குமிடத்துக்கு அனுப்பிவிடுவது. கேட்க நன்றாக இருக்கிறது, அரசும் அதைத்தான் விரும்புகிறது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டியில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் இடம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி புதுச்சேரி நகரத் தொகுதி ஆறரை லட்சத்துக்கு மேல், அப்படியானால் 650 பேருக்கு இடம் வேண்டும். கடலூருக்கு, அன்றைய நகராட்சி எல்லையில் 1.73 லட்சம் என்பதால், 170 பேருக்காவது. அத்தனை இடம் வந்துவிட்டால் நானும் சந்தோஷப்படுவேன். ஆனால் வந்தாலும் எல்லோரும் போகமாட்டார்கள், அதற்குக் காரணம் பிடிவாதம் இல்லை. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து இருக்க முடியாது, விடியற்காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவருக்குக் கதவைத் திறந்துவிட ஆள் இருக்காது, நோயாளியைப் பார்க்க வந்தவருக்கு மருத்துவமனை வாசலை விட்டு நகர மனம் வராது. தங்குமிடத்தைக் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். அது வரும் வரை மூட்டைக்கு என்ன பதில் என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

இனி நம் நாட்டுச் சட்டம். இதில்தான் எனக்கு ஆச்சரியம். நடைபாதைவாசிகள் என்றாலே எல்லோரும் எடுத்துப் போடுவது ஓல்கா டெல்லிஸ் வழக்கு, 1985. பம்பாயில் 1981 மழைக்காலத்தில் நடைபாதைக் குடிசைகளைப் பிரித்து, ஆட்களை அவரவர் ஊருக்கு பஸ் ஏற்றி அனுப்ப உத்தரவு வந்தது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் சேலத்துக்காரர். 1961-ல் பிழைப்புத் தேடிப் போனவர், குடிசையைப் பிரித்து குடும்பத்தோடு சேலம் பஸ்ஸில் ஏற்றினார்கள், மனைவியையும் மகள்களையும் சேலத்திலேயே விட்டுவிட்டு அவர் மட்டும் திரும்பிப் போய் மறுபடியும் நடைபாதையிலேயே குடியேறினார். அப்புறப்படுத்தினால் ஆள் காணாமல் போய்விடுவார் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு கதை போதும். தீர்ப்பில் பிழைப்புக்கான உரிமையும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றார்கள், நோட்டீஸ் கொடுத்து அவர்கள் பேச்சைக் கேட்பதுதான் முறை என்றார்கள், ஆனால் கடைசியில் அகற்றலாம் என்றும்தான் சொன்னார்கள். மழை முடியட்டும் என்று அக்டோபர் 31 வரை அவகாசம். இந்தத் தேதியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கூத்துதான். பம்பாயில் மழை விட்டிருக்கும் நேரம், நமக்கு வடகிழக்குப் பருவமழை பிடித்திருக்கும் நேரம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30. அந்த மாதங்களில் ஒருவரின் தார்ப்பாயைப் பிடுங்குவது என்ன மாதிரி வேலை என்று யோசித்துப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தார்ப்பாய், கம்பளி, பாய் மூன்றையும் தொடக்கூடாது என்று மனுவில் ஒரு வரி போட வேண்டும், அது எந்த ஊரிலிருந்தும் கடன் வாங்காத நம் ஊர் வரி. கெடிலம் ஆறு கரை உடைந்து ஓடுவதைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை.

புல்டோசர் வழக்கு என்று பேசப்பட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2024 நவம்பர் 13, வீட்டை இடிப்பதற்கு முன் 15 நாள் நோட்டீஸ், வீடியோப் பதிவு என்றெல்லாம் கட்டாயமாக்கியது. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், நீர்நிலை போன்ற பொது இடத்து ஆக்கிரமிப்புக் கட்டுமானங்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே விலக்கும் இருக்கிறது. ஆக அதை நம்பி மனு எழுதினால் முதல் வாரத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நம்பி எழுதக்கூடிய மாதிரி வேறு ஒன்று இருக்கிறது, அது தெரு வியாபாரிகள் சட்டம், 2014. அதன் 18-ம் பிரிவில் வியாபாரியை இடம் மாற்றவோ அகற்றவோ 30 நாள் நோட்டீஸ். 19-ம் பிரிவுதான் முக்கியம்: பொருளைப் பறிமுதல் செய்தால் என்னென்ன எடுத்தோம் என்று பட்டியல் போட்டு, கையெழுத்திட்டு, ஒரு நகலை வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். கட்டணத்தைக் கட்டிக் கேட்டால் கெடாத பொருளை இரண்டு வேலை நாட்களுக்குள், கெடும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். நேரு வீதியில் பெல்ட், பர்ஸ் விற்கிறவருக்கு இந்தப் பட்டியல் சட்டப்படி உண்டு. அதே வீதியில் படுப்பவருக்கு இப்படி ஒரு பிரிவு கிடையாது. அரசியல் சாசனத்தின் 300-ஏ பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் எடுக்கக்கூடாது என்கிறது, சாக்கு மூட்டையும் சொத்துதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு மேஸ்திரியிடம் வாதாட முடியாது, ஒரு பட்டியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு முடியும். வியாபாரிக்குச் செய்கிற அதே வேலையை இவர்களுக்கும் செய்யுங்கள் என்று கேட்டால் நகராட்சிக்கும் புதிதாக ஒன்றும் இல்லை. பில் புத்தகம் மாதிரி மூன்று தாள்: ஒன்று பையில் கட்ட, ஒன்று கிடந்த இடத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஒட்ட, ஒன்று அலுவலகத்துக்கு. எழுதும்போதே பையைத் திறந்து கார்டுகளும் மருந்தும் இருந்தால் தனி உறையில் போட்டு அன்றைக்கே கிடைக்கும்படி வைக்க வேண்டும். பணியாளருக்கும் இது பாதுகாப்பு, பணம் இருந்தது காணோம் என்று நாளைக்கு யாராவது சொன்னால் அவர் தலை உருளாது.

ஆக என் தேர்வு இப்படிப் போகிறது. வாரத்தில் ஒரு குறித்த நாள், குறித்த நேரம், எல்லோருக்கும் தெரிந்த நேரம், தெருவைக் கழுவ வேண்டும். ஞாயிறு வேண்டாம், சந்தைக் கூட்டத்தில் ஒன்றும் நடக்காது. செவ்வாய் அல்லது புதன் மாலை நான்கு மணி வாக்கில் வைத்தால் மார்க்கெட் ஆட்கள் வேலை முடித்து வந்திருப்பார்கள், ஹோட்டல் ஆட்கள் இரவு ஷிப்டுக்குக் கிளம்பியிருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அவர்களே தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போவார்கள், கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டு முடித்த பிறகு திரும்புவார்கள். ஆள் இல்லாத மூட்டை மட்டும் சீட்டு கட்டி, நடக்கும் தூரத்தில் உள்ள அறைக்குப் போகும். அதே அறையில் முப்பது நாற்பது லாக்கர், விரும்பியவர் தினசரி வைக்கலாம். குறித்த நேரத்துக்கு வெளியே யாரும் எதையும் அள்ளக்கூடாது, வாய்க்கால் வாயை அடைத்திருந்தால் அல்லது அழுகிக் கிடந்தால் தவிர.

கழுவல் மட்டும் போதும், லாக்கர் எதற்கு, வைத்தால் இன்னும் பத்துப் பேர் வருவார்கள் என்று நிச்சயம் ஒருவர் சொல்வார். இருக்கலாம். ஆனால் யாரும் லாக்கருக்காகப் பிளாட்பாரத்தில் படுக்க வருவதில்லை, வேலை இருக்கும் இடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயில் அன்னதானத்துக்கும் பக்கமாகத்தான் வருகிறார்கள், அவை எல்லாம் ஏற்கெனவே இங்கேதான் இருக்கின்றன. பயமாக இருந்தால் ஆறு மாதம் என்று எழுதுங்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை லாக்கர் நிரம்பியது, எத்தனை சீட்டு திரும்ப வந்தது என்று பார்த்துவிட்டுத் தொடரலாமா என்று பேசலாம்.

தீராமல் நிற்கிற விஷயம் ஒன்றுதான், அந்த அறையின் சாவி யாரிடம். நகராட்சி ஊழியரிடம் என்றால் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார். நம் தெருச் சங்கத்திடம் என்றால் பிடிக்காத ஆளுக்கு லாக்கர் கிடைக்காது, இதை நம் ஆட்களைத் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுக்கு மாதச் சம்பளம் பேசிக் கொடுக்கலாம் என்பது என் யோசனை, கட்டணக் கழிப்பறையைப் பல ஊர்களில் அவர்கள்தான் ஒழுங்காக நடத்துகிறார்கள். சம்பளத்தில் பாதியைக் கடைக்காரர்கள் போடத் தயாரா என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுவிட்டு மனுவில் அந்தப் பத்தியை எழுதலாம், அதுவரை அது காலியாகவே இருக்கட்டும்.